தனிக் கொட்டடியும் ஆத்ம சுத்தியும்

குற்றம் செய்தவனைத் தண்டிக்க வேண்டியதுதான் என்று யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். எதற்காகத் தண்டிப்பது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். மறுபடியும் அவன் திருடாமலிருப்பதற்காக என்பார் ஒருவர். மற்றவர்கள் பார்த்துப் பயப்படுவதற்காக என்பார் இன்னொருவர். அவன் மனம் திருந்தி, பாவம் நீங்கி, நல்லவனாவதற்காக என்பார் மூன்றாமவர். இம்மூவரில் மூன்றாமவர்தான் மிகவும் இரக்கமுள்ளவர் என்று சாதாரணமாக யாருக்கும் தோன்றும். ஆனால் ஆரோக்கியமாக உள்ளே போன மனிதர்களைப் பயித்தியமாக்கி வெளியில் அனுப்பிய ஜெயில்களைக் கட்டியவர்கள் இந்த மூன்றாமவர்களே என்பதை வாசகர்களுக்கு எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறோம்.

இங்கிலாந்தில் விக்டோரியா ராணி ஆண்டது 1837 முதல் 1901 வரையில் ஆகும். அதற்கு முன் அந்த நாட்டு ஜெயில்கள் மாட்டுக் கொட்டகையைவிடக் கேவலமாயிருந்தன. கடன்காரன், கொலைகாரன், பெண், பிள்ளை எல்லோரும் ஒரே கூட்டமாய் அடைபட்டுக் கிடந்தார்கள். ஜெயில்காரனுக்குக் கைதியே கட்டணம் கொடுக்க வேண்டும். விடுதலையான பிறகும் அந்தக் கட்டணத்தைக் கட்ட வகையில்லாமல் உள்ளேயே கிடந்தவர்கள் உண்டு. ஜெயில் காய்ச்சல் என்றே ஒரு காய்ச்சல் இருந்தது. ஜான் ஹோவார்டு என்பவர் ஊர் ஊராய்ப் போய் ஜெயில்களைப் பார்த்து 1777-ம் வருஷத்தில் ஒரு புஸ்தகம் வெளியிட்ட பிறகுதான் பெரிய மனிதர்களுக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது. ஆகவே சீர்திருத்தம் அவசியமாய்த்தான் இருந்தது. அதை நாம் மறுக்க வரவில்லை. சீர்திருத்தம் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் செல்வாக்குள்ளவர்களாக இருந்தார்கள். இவர்கள் கெட்டவர்கள் அல்ல. அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள். சவுக்கடியையும் தூக்குத் தண்டனையையும் வெறுத்தவர்கள். தங்கள் கோயிலில் பேசாமல் மௌனமாய் உட்கார்ந்திருந்தால் கடவுள் உள்ளுக்குள் பேசுவார் என்பது இவர்களுடைய நம்பிக்கை. தங்களுக்கு நல்லதாயிருக்கிற மௌனம் திருடனுக்கும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும் என்கிற எண்ணத்தின் பேரில், கைதியை ஒருவரோடும் பேசவிடாமல், ஒருவர் முகத்தையும் பார்க்கவிடாமல் தனியாக வைத்துவிட்டால், அவன் தன் பாவத்தை நினைத்து அழுது கடவுளிடம் திரும்பி விடுவான் என்று சொல்லி, 1829-ல் அதற்கென்றே ஒரு பெரிய ஜெயிலைத் திறந்தார்கள். பாவத்துக்காக வருந்துவது என்ற பொருளுள்ள சொல்லையே அப்படிப்பட்ட ஜெயிலுக்குப் பெயராகவும் வைத்தார்கள்.

இது சரிப்படாது என்பதற்கு அத்தாட்சி அதற்கு முன்பே இருந்தது. நியூயார்க் மாகாணத்தில் ஆபர்ன் என்னும் ஊர் ஜெயிலில் 1821-ம் வருஷக் கடைசியில் 80 கைதிகளை வேலையுமில்லாமல் பேச்சுமில்லாமல் தனித்தனியே அடைத்துப் பார்த்தார்கள். சிலர் செத்தார்கள், சிலருக்குப் புத்தி மாறாட்டம் கண்டது. கடைசியில் கவர்னரே பயந்துபோய் 26 பேரை மன்னித்து வெளியே விட்டு, அந்தப் பரிசோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு மருந்தைக் கொடுத்து நோயாளி செத்தால், மறுபடி அந்த மருந்தைக் கொடுக்கும் வைத்தியனை ஊரார் என்ன செய்வார்கள்? ஆனால் மருந்தின் மேல் கடவுள் பெயர் எழுதியிருந்தால் வைத்தியனை ஒருவரும் கேட்பதில்லை. பிலடெல்பியா ஜெயில் இதற்கு எட்டு வருஷம் பின்னால் திறந்ததுதான்!

நிற்க, இங்கிலாந்து சர்க்கார் 1833-ல் வில்லியம் கிராபோர்டு என்பவரை அமெரிக்க ஜெயில்களைப் பார்த்து வரும்படி அனுப்பினார்கள். அவர் பிலடெல்பியா முறையே மேலானது என்று சிபார்சு செய்தார். ஜெயில் பாதிரியாக இருந்த விட்வொர்த் ரஸ்ஸல் என்பவரும் அவருமாகச் சேர்ந்து ஓயாமல் பிரசாரம் செய்ததன் பலனாக, 1842-ல் லண்டனில் பென்டன்வில் ஜெயில் திறக்கப்பட்டது. 520 கொட்டடிகள். ஒவ்வொன்றும் 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம். நடுவில் நின்று பார்த்தால் எல்லாப் பக்கத்துக் கொட்டடி வரிசைகளும் தெரியும்படியான கட்டடம். காற்று, தண்ணீர், வெளிச்சம், சுத்தம் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு உண்டு. அக்காலத்து லண்டன் கூலிக்காரன் வீட்டில் இவ்வளவு வசதி கிடையாது. ஒன்றே ஒன்றுதான் அங்கே இல்லை. அது மனிதர் முகம்.

கைதிக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். கொட்டடியிலேயே சாப்பாடு, கொட்டடியிலேயே தறி நெய்தல் அல்லது செருப்புத் தைத்தல், கொட்டடியிலேயே தூக்கம். வெளியே நடக்கும்போது முகத்தை மறைக்கும் குல்லாய் போட்டு, கண்ணுக்கு மட்டும் இரண்டு துவாரம் விட்டிருப்பார்கள். கோயிலுக்குப் போனாலோ அங்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. நூற்றுக்கணக்கான பேர் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தும் பக்கத்திலிருப்பவன் யாரென்று தெரியாது. எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அமைந்திருந்த முகம் பாதிரியின் முகம் ஒன்றுதான்! மனிதனுக்கு மனிதன் துணையில்லாமல் செய்து, பிறகு அவனுக்குக் கிடைக்கும் ஒரே பேச்சு கடவுள் பேச்சாக இருக்கும்படி செய்து, அவன் அதைப் பிடித்துக் கொண்டால், ‘பார், மனம் திரும்பிவிட்டான்’ என்று சொல்லுவது என்ன யோக்கியமான பரிசோதனை என்று நாம் கேட்கின்றோம். பசியால் சாகிறவன் முன் ஒரு உருண்டைச் சோற்றை வைத்துவிட்டு, ‘என் சமையல் ருசியைப் பார்’ என்று பெருமை பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ரெடிங் என்னும் ஊரில் 1844-ல் இதே மாதிரி ஒரு ஜெயில் வந்தது. அங்கே ஜான் பீல்டு என்ற பாதிரியார் கைதிகளுக்கு வேலைகூட அதிகம் வேண்டியதில்லை, பைபிள் படித்தால் போதும் என்று சொல்லி, அத்தியாயம் அத்தியாயமாக நெட்டுருப் பண்ண வைத்தார். பல அத்தியாயங்களை மனப்பாடம் ஒப்புவித்தவன் திருந்தியவன் என்று கணக்காயிற்று. கிளிப்பிள்ளையும் அப்படித் திருந்தும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

பென்டன்வில்லில் முதலில் 18 மாதத் தனிமை என்று வைத்தார்கள். அதற்காகப் பொறுக்கி எடுத்த கைதிகள் சோனிகளல்ல. இளவயதும் நல்ல தேகக்கட்டும் உள்ளவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். அப்படியிருந்தும் பயித்தியம் பிடித்தவர்கள், இல்லாத குரல் காதில் கேட்பதாகச் சொன்னவர்கள் என்று ரிப்போர்ட்டுக்கு ரிப்போர்ட் கணக்கு வந்தது. தனிமை முடிந்து ஆஸ்திரேலியாப் பக்கம் நாடு கடத்துவதற்காகக் கப்பலில் ஏற்றியபோது, திடீரென்று கூட்டத்தையும் சப்தத்தையும் பார்த்து வலிப்புக் கண்டு விழுந்தவர்கள் உண்டென்று கப்பல் வைத்தியர் எழுதினார். இதற்குப் பக்தர்கள் சொன்ன சமாதானம், அவர்களுக்கு முன்பே பயித்தியக் கூறு இருந்திருக்கும் என்பதுதான். சோதித்துப் பொறுக்கி எடுத்தது யார்? தாங்கள்தானே! திருந்தினால் கடவுள் மகிமை, பயித்தியமானால் கைதியின் கோளாறு என்றால், இந்தத் தராசில் எந்தக் காலத்திலும் முள் ஒரு பக்கம்தானே சாயும்? பிறகு 18 மாதத்தை 12 ஆக்கினார்கள். அதன் பின் 9 ஆக்கினார்கள். விஷம் என்று கண்டபின் அளவைக் குறைத்தார்களே தவிர, விஷத்தைக் கீழே கொட்டவில்லை.

இதை அப்போதே கண்டு சொன்னவர்கள் இல்லாமலில்லை. பிரபல நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842-ல் பிலடெல்பியா ஜெயிலுக்குள் போய்க் கைதிகளோடு பேசிப் பார்த்துவிட்டு, இதை ஏற்படுத்தினவர்கள் நல்லெண்ணமுடையவர்களே, ஆனால் தாங்கள் செய்வது இன்னதென்று அவர்களுக்கே தெரியவில்லை என்ற கருத்தை எழுதினார். உடம்பில் படும் அடியாவது வெளியே தெரியும். மூளையில் படும் இந்த அடி ஒருவர் கண்ணுக்கும் தெரியாது என்பதே அவருடைய வாதம். நல்லெண்ணத்தைப் பற்றி அவர் சொன்னது எத்தனையோ காரியங்களுக்குப் பொருந்தும்.

இனித் தனிமையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட வேலையைப் பற்றிப் பார்ப்போம். மிதி சக்கரம் என்று ஒன்று. வில்லியம் கியூபிட் என்னும் எஞ்சினீயர் 1818-ல் கண்டுபிடித்தது. படியேறுவது போல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் ஒரு படிகூட மேலே போக முடியாது. சில ஜெயில்களில் அது மாவரைத்தது. பல ஜெயில்களில் காற்றைத்தான் அரைத்தது. இன்னொன்று, கொட்டடிக்குள்ளேயே வைத்த கைச்சுற்று யந்திரம். ஒரு பெட்டிக்குள் மணலோ கல்லோ போட்டு, ஒரு கைப்பிடி வைத்து, நாளொன்றுக்கு 10,000 சுற்று சுற்றச் சொல்லுவார்கள். அதனால் உண்டாகும் சாமான் எதுவுமில்லை. எத்தனை சுற்று ஆயிற்று என்று காட்டும் முள் ஒன்று மட்டும் நகரும். நமது நாட்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் கோயமுத்தூர் ஜெயிலில் செக்கிழுத்தது யாவருக்கும் தெரியும். அது மாட்டைக் கட்ட வேண்டிய இடத்தில் மனிதனைக் கட்டிய அக்கிரமம். ஆனாலும் செக்கிலிருந்து எண்ணெயாவது வந்தது. இங்கிலாந்துக் கைதி சுற்றிய யந்திரத்திலிருந்து வேர்வையைத் தவிர ஒன்றும் வரவில்லை. பிரயோஜனமில்லாத வேலை என்பதே அங்கே தண்டனையின் தத்துவம்.

பர்மிங்காம் ஜெயிலில் நடந்ததைக் கேளுங்கள். எட்வர்ட் ஆண்ட்ரூஸ் என்று 15 வயதுப் பையன். நாலு ராத்தல் மாட்டிறைச்சி திருடியதற்காக 1853 மார்ச் மாதத்தில் மூன்று மாதத் தண்டனை. காலை ஆகாரத்திற்கு முன் 2,000 சுற்று, பகல் சாப்பாட்டுக்கு முன் 4,000, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் 4,000 சுற்ற வேண்டும். பையனால் முடியவில்லை. முடியாததற்குத் தண்டனையாக ரொட்டியும் தண்ணீரும். தின்னாதவனுக்கு மறுநாள் பலம் எங்கிருந்து வரும்? மறுபடியும் முடியவில்லை. கையை அசைக்க முடியாத சட்டையை மாட்டி, கழுத்தில் தோல் பட்டையை இறுக்கி, சுவரோடு நிற்க வைத்துக் கட்டினார்கள். பச்சைத் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். ஏப்ரல் 27-ந் தேதி ராத்திரி அந்தப் பையன் தன் கொட்டடியில் உயிரை மாய்த்துக்கொண்டான். சர்க்கார் விசாரணைக் கமிஷன் வைத்துப் பார்த்ததில், சட்டத்துக்கு விரோதமாக அங்கே சித்திரவதை நடந்தது ருஜுவாயிற்று. ஜெயில் தலைவர் ஆஸ்டின் என்பவருக்கு 1855-ல் கிடைத்த தண்டனை மூன்று மாதம். நாலு ராத்தல் இறைச்சிக்கும் மூன்று மாதம், ஒரு பிள்ளையின் உயிருக்கும் மூன்று மாதம்!

அந்த ஆஸ்டினுக்கு முன் அதே ஜெயிலுக்குத் தலைவராக இருந்தவர் மக்கோனக்கி. அவர் 1840 முதல் 1844 வரையில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கேயுள்ள நார்போக் தீவில் மிகவும் பொல்லாத கைதிகள் என்று பெயரெடுத்தவர்களை வைத்து ஆண்டவர். தண்டனையை வருஷக் கணக்கில் வைக்காமல், வேலைக்கும் நடத்தைக்கும் மார்க்குப் போட்டு, மார்க்குச் சேர்ந்தால் விடுதலை என்று வைத்துப் பார்த்தார். ஒரு நாள் ராணியின் பிறந்த நாளென்று கைதிகளை அவிழ்த்து விட்டு விருந்தும் வைத்தார். சாயங்காலம் எல்லோரும் கலகமில்லாமல் தங்கள் இடத்துக்குத் திரும்பி வந்தார்கள். மனிதனை மனிதனோடு பழகவிட்டுத் திருத்தலாம் என்பதற்கு இது பிரத்தியட்ச ருஜு. ஆனால் இரக்கம் அதிகமாகிவிட்டது என்று அவரை அங்கிருந்தும் நீக்கினார்கள், பர்மிங்காமிலிருந்தும் 1851-ல் நீக்கினார்கள். அவர் இடத்துக்கு வந்தவர்தான் ஆஸ்டின்.

இதன் பிறகு நடந்ததுதான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. கொட்டடியில் அடைத்தால் பாவம் நீங்கும் என்ற கதை 1860-க்குள் வெளுத்துவிட்டது. வெளியே போனவன் திரும்பவும் வந்தான். 1862-ல் லண்டன் தெருக்களில் கழுத்தை நெரித்துக் கொள்ளையடிக்கும் சம்பவங்கள் நடந்தபோது, பத்திரிகைகள் கூச்சல் போட, பார்லிமெண்டு கமிட்டி உட்கார்ந்து, கைதி திருந்துவதைவிடப் பயப்படுவதுதான் முக்கியம் என்று முடிவு கட்டியது. நியாயமாய்ப் பார்த்தால் மனந்திருப்புவதற்காகக் கட்டிய கொட்டடியை அப்போதே இடித்திருக்க வேண்டுமல்லவா? இடிக்கவில்லை. 1865-ம் வருஷச் சட்டத்தில் நாடு முழுவதும் தனிக் கொட்டடி கட்டாயம் என்று எழுதினார்கள். மிதி சக்கரமும் கைச்சுற்று யந்திரமும் பீரங்கிக் குண்டைத் தூக்கித் தூக்கி வைக்கும் வேலையும் சட்டத்தில் ஏறின. 1877-ம் வருஷச் சட்டத்தின்படி எல்லா ஜெயில்களும் சர்க்கார் கைக்கு வந்து, டூகேன் என்னும் ராணுவ அதிகாரியின் கீழ் கடின வேலை, கடின சாப்பாடு, கடினப் பலகைப் படுக்கை என்று நடந்தது. நேற்றுவரை ஆத்மாவைக் காப்பாற்றிய கொட்டடி இன்று உடம்பை முறிப்பதற்கும் சரியாயிருந்தது! காரணம் மாறியது, கொட்டடி மாறவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? கஷ்டப்படுத்த வேண்டுமென்பது முதலில் தீர்மானமாகிவிடுகிறது. காரணம் பிறகு தேடப்படுகிறது. அன்றைக்கு எது செலாவணியோ, மதமோ பயமோ, அது காரணமாகிவிடுகிறது என்பதுதானே?

அந்தக் கொட்டடி யார் யாருக்கு எப்படித் திறந்தது என்பதையும் பார்க்கலாம். பகுத்தறிவுப் பத்திரிகை ஆசிரியர் ஜி. டபிள்யூ. பூட் என்பவர் தமது பத்திரிகையில் பைபிள் கதைகளைக் கேலிச் சித்திரமாகப் போட்டதற்காக, தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு 1883-ல் 12 மாதத் தண்டனை அடைந்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை, யார் வீட்டிலும் திருடவில்லை. ஆனாலும் ஹாலோவே ஜெயிலில் சாதாரணத் திருடனைப்போல் தனிக் கொட்டடியில் கிடந்தார். இரண்டு வருஷம் கழித்து, தெய்வ பக்தியுள்ள பத்திரிகாசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட் வேறொரு வழக்கில் மூன்று மாதத் தண்டனை பெற்றார். அவர் செய்த காரியமும் நல்ல நோக்கத்தோடு செய்ததுதான். ஆனால் அவருக்குச் சில நாள்களில் அதே ஹாலோவேயில் முதல் வகுப்பு. சொந்த உடை, எழுத்து வேலை, சொந்தச் சாப்பாடு. கடவுளே நேரில் வந்து தீர்ப்புச் சொல்லும் இடமென்று சொன்ன கொட்டடியிலும் வகுப்பு வித்தியாசம் இருந்தது!

பைபிள் நெட்டுருப் பண்ணின அதே ரெடிங் ஜெயிலில்தான் ஆஸ்கார் ஒயில்டு என்னும் புகழ்பெற்ற ஆசிரியர் 1895 முதல் 1897 வரையில் C-க்குரிய கட்டடத்தின் மூன்றாம் மாடி மூன்றாம் கொட்டடியின் நம்பரையே பெயராகக் கொண்டு கிடந்தார். வெளியே வந்ததும் அவர் பத்திரிகைக்கு எழுதிய முதல் கடிதம் தம்மைப் பற்றியதல்ல. பசித்த சிறு குழந்தைக் கைதி ஒன்றுக்கு பிஸ்கோத்து கொடுத்ததற்காக ஒரு வார்டரை வேலையை விட்டு நீக்கினதைப் பற்றியது. குழந்தையைக் கொட்டடியில் அடைப்பது சட்டம், அதன் பசியை ஆற்றுவது குற்றம்! 1895-ல் ஒரு கமிட்டி விசாரித்துச் சொன்ன பிறகு, 1898-ம் வருஷச் சட்டத்தினால் மிதி சக்கரமும் கைச்சுற்று யந்திரமும் ஒழிந்தன. தனிமையோ அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது.

‘இதெல்லாம் சீமைக் கதை, பழங்கதை, இப்போது நமக்கென்ன’ என்று சிலர் கேட்கலாம். அந்தக் கொட்டடியை வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றி நம் நாட்டுக்கும் கொண்டுவந்தான். அந்தமானில் 1906-ல் கட்டி முடித்த ஜெயில், நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகாய்ப் பிரிந்த தனிக் கொட்டடி ஜெயில்தான். அதை விட்டாலும், 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 73, 74 பிரிவுகளில், கடுங்காவல் தண்டனையோடு மொத்தம் மூன்று மாதம் வரையில், ஒரு தடவைக்கு 14 நாளுக்கு மேற்படாமல் தனிமைச் சிறை விதிக்கலாம் என்று எழுதினார்கள். 1971-ல் சட்டக் கமிஷனே இது காலத்துக்கு ஒவ்வாதது, எடுத்துவிட வேண்டும் என்று சிபார்சு செய்தது. 1978-ல் சுனில் பத்ரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, தூக்குத் தண்டனை பெற்றவனை ஜெயில் அதிகாரிகள் தாங்களாகத் தனிமையில் அடைக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2015-ல் ஐக்கிய நாடுகள் சபை, 27 வருஷம் சிறையிலிருந்த மண்டேலாவின் பெயரால் விதிகள் செய்து, நாளொன்றுக்கு 22 மணி நேரமும் அதற்கு மேலும் மனிதத் தொடர்பில்லாமல் அடைப்பது தனிமைச் சிறை, அது 15 நாளுக்கு மேல் கூடவே கூடாது என்று சொல்லிற்று. இவ்வளவுக்கும் பிறகு, வெள்ளைக்காரன் சட்டத்தை ஒழித்துவிட்டோம் என்று பெருமையோடு 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்குக் கொண்டுவந்த பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதுச் சட்டத்திலும் 11, 12 பிரிவுகளாக அதே தனிமைச் சிறை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பெயர் மாறியது, கொட்டடி மாறவில்லை.

குற்றவாளிகளுக்குப் பரிந்து பேசுவதாகச் சிலர் நம்மைக் குறை கூறலாம். அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. திருட்டும் கொலையும் குறைய வேண்டுமென்பதில் நமக்கும் அக்கறை உண்டு. அதனால்தான் எதனால் குறைகிறது என்பதைக் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறோம். ஒரு தண்டனையை ஏற்படுத்துகிறவன் நல்லவனா, பக்திமானா என்பது நமக்கு வேண்டியதில்லை. அதை அனுபவித்தவன் எப்படி வெளியே வந்தான் என்பதுதான் வேண்டும். மனிதன் மனிதனோடு கூடி வாழ்ந்தே மனிதனாகிறான். அந்தக் கூட்டை அறுத்துவிட்டு அவனை நல்லவனாக்குகிறேன் என்பது, மீனைக் கரையில் போட்டு நீந்தக் கற்றுக் கொடுக்கிறேன் என்பது போன்றதேயாகும்.

ஆகவே தோழர்களே! அடுத்த தடவை உங்கள் ஊரில் ஓட்டுக் கேட்டு வருகிற சட்டசபைக்காரரையும் பார்லிமெண்டுக்காரரையும், நம் ஜெயில்களில் யார் யார் எத்தனை நாள் தனியாக அடைக்கப்பட்டார்கள் என்ற கணக்கு எங்கே என்றும், அந்த 11-வது, 12-வது பிரிவுகள் எதற்காக இன்னும் இருக்கின்றன என்றும் கேளுங்கள். அவர் மதத்தைச் சொன்னாலும் சரி, பயத்தைச் சொன்னாலும் சரி, 15 வயதுப் பையன் ஒருவன் 10,000 சுற்று சுற்ற முடியாமல் செத்துப்போன கதையை அவருக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.